பாலியல் தொழிலில் இருந்தவர்களே ஏன் இவ்வளவு முரண்பட்டுப் பேசுகிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். பாலியல் தொழிலில் இருக்கும் ஒரு பெண், "இதுவும் ஒரு பிழைப்புதான், என்னைக் காப்பாற்ற யாரும் வர வேண்டாம், போலீஸ் தொல்லை இல்லாமல் இருந்தால் போதும்" என்கிறார். அதே தொழிலிலிருந்து வெளியே வந்த இன்னொரு பெண், "அதை வேலை என்று சொல்லாதீர்கள், காசு கொடுத்துச் செய்த பலாத்காரம் அது" என்கிறார். இருவருமே உள்ளே இருந்து பார்த்தவர்கள். இதில் யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பலாம் என்பது என் பதில். சண்டையைத் தவிர்க்க இப்படிச் சொல்லவில்லை. ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் ஒன்றோடொன்று கொஞ்சமும் ஒட்டாத பல வேலையிடங்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் நின்று பேசுகிறார்கள். சொந்தமாக ஒரு அறை எடுத்து, வருகிற ஆளிடம் முன்கூட்டியே போனில் பேசிப் பார்த்து, சரியில்லை என்று தோன்றினால் வர வேண்டாம் என்று சொல்லிவிட முடிகிறவரும், தெருவோரத்தில் நின்று, வண்டி வந்து நின்றதும் ஏறலாமா கூடாதா என்று சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியவரும், வாங்கிய முன்பணத்துக்காகப் பாலியல் தொழில் விடுதியில் கட்டுண்டு கிடப்பவரும் செய்வது ஒரே வேலை என்று வெளியிலிருக்கும் நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

நான் இந்தத் தொழிலில் இருந்தவன் இல்லை. தொழிலாளர் உரிமை, பொது சுகாதாரம் என்ற இரண்டு பக்கமிருந்தும் இதைப் பல காலமாகப் படித்து வருகிறவன். அதனால் உள்ளே இருப்பவர் மனது எப்படி இருக்கும் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அவர்கள் சொன்னவை ஏன் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகின்றன என்று மட்டும் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். குழந்தைகள், கடத்தப்பட்டவர்கள், அடித்து உட்கார வைக்கப்பட்டவர்கள். 2021 நிலவரப்படி உலகில் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பவர்கள் 2.76 கோடி பேர், அவர்களில் 63 லட்சம் பேர் வணிகப் பாலியல் சுரண்டலில் இருக்கிறார்கள் என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பு முதலானவை போட்ட மதிப்பீடு. இவர்களை வைத்துக்கொண்டு 'பணிச்சூழல்' பற்றிப் பேசுவது அபத்தம், அது குற்றம், அவ்வளவுதான். இதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் விருப்பத்தோடு வந்தவர், கட்டாயத்தால் வந்தவர் என்று நடுவில் சுவர் எழுப்பிவிட முடியாது. கட்டாயத்தில் வந்து சேர்ந்தவர் கடனை அடைத்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்வதுண்டு. சொந்த முடிவில் வந்தவர் கடனில் விழுந்து ஆளிடம் மாட்டிக்கொள்வதும் உண்டு. ஒரே ஆளே வேறு வேறு வருடங்களில் இரண்டு பக்கமும் இருந்திருப்பார்.

இனி மற்றவர்கள். எந்தச் சாட்சியத்தைப் படித்தாலும் நான் அதில் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா? ஆளை வேண்டாம் என்று சொல்ல, குறிப்பிட்ட செயலை வேண்டாம் என்று சொல்ல, காண்டம் இல்லாமல் முடியாது என்று சொல்ல, பாதியில் நிறுத்த, இன்றைக்கு வரவில்லை என்று சொல்ல. இது முடிந்தவர்கள் பெரும்பாலும் 'வேலை' என்று பேசுகிறார்கள், முடியாதவர்கள் பெரும்பாலும் 'வன்முறை' என்று பேசுகிறார்கள். விதிவிலக்குகள் உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் மறுக்க முடிவதும் முடியாததும் அவரவர் தைரியத்தைப் பொறுத்தது என்று நினைத்தால் விஷயமே தவறிப்போகும். அறை யாருடையது, காசு யார் கையில் இருக்கிறது, கடன் எவ்வளவு, போலீஸைக் கூப்பிட்டால் யாரைப் பிடித்துக்கொண்டு போவார்கள், இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

காசு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மனி 2002ல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி பாலியல் தொழிலாளி தனக்குச் சேர வேண்டிய கூலியைக் கேட்டு வழக்குப் போடலாம், வேலை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், சமூகக் காப்பீட்டில் சேரலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஒப்பந்தம் போட்டவர்கள் மிக மிகச் சொற்பம். பெயர் வெளியே தெரியக் கூடாது என்பது ஒரு காரணம், ஒரு முதலாளியின் கீழ் போய் நிற்க விருப்பமில்லை என்பது இன்னொன்று. விடுதி நடத்துகிறவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. "நாங்கள் முதலாளி இல்லை, அறை வாடகைக்கு விடுகிறோம்" என்றார்கள். பெரிய விடுதிகள் பலவற்றில் ஒரு நாள் வாடகையே நூறு யூரோவைத் தாண்டும். முதலில் வருகிற சில வாடிக்கையாளர்களின் பணம் வாடகைக்கே போய்விடும், அதற்குப் பிறகு வருவதுதான் கைக்கு. கூட்டமில்லாத நாளில், குடித்துவிட்டு முரட்டுத்தனமாக வருகிறவனை எப்படி வேண்டாம் என்று சொல்வது? சட்டம் மறுக்கலாம் என்கிறது, வாடகை மறுக்க விடாது. அங்கே வேலை பார்த்த ஒருவர் "சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் நரகம்" என்று சொன்னால் அதில் முரண்பாடே இல்லை.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சில கவுண்டிகளில், அதாவது மாவட்டம் போன்ற பிரிவுகளில், மட்டும் உரிமம் பெற்ற விடுதிகள் உண்டு. அங்கேயும் பெண்கள் ஊழியர்களாகக் கணக்கில் வருவதில்லை, சுயதொழில் ஒப்பந்தக்காரர்கள்தான். வருமானத்தில் பாதி விடுதிக்கு என்பதுதான் அங்கே வழக்கம். வாராவாரம் மருத்துவப் பரிசோதனை அவர்களுக்குத்தான், வருகிற ஆணுக்கு இல்லை. இதை 'பாதுகாப்பு' என்று விளம்பரப்படுத்துகிறார்கள், யாருக்கான பாதுகாப்பு என்று கேட்டால் பதில் தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனமும் கட்டாயப் பரிசோதனையை ஆதரிப்பதில்லை. அதே விடுதிகளில் வேலை பார்க்கும் சிலர், வெளியே தனியாகச் செய்வதைவிட இங்கே பயமில்லாமல் இருக்க முடிகிறது, காவலுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்கிறார்கள். அதுவும் பொய்யில்லை.

இதற்கு நேரெதிராக, பணத்தின் பிடியை உடைத்துப் பார்த்த ஒரு முயற்சியும் இருக்கிறது. கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் 1992ல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா எச்ஐவி தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். காண்டம் கொடுத்துப் பாடம் எடுத்தால் வேலை நடக்காது, காண்டம் வேண்டும் என்று பெண் சொன்னதும் வாடிக்கையாளர் பக்கத்து அறைக்குப் போய்விடுவான், அன்றைய வட்டியை எதை வைத்துக் கட்டுவது என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. அங்கிருந்த பெண்களே சக தொழிலாளிகளிடம் பேச ஆரம்பித்தார்கள், 1995ல் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற பாலியல் தொழிலாளர் அமைப்பு உருவானது, அதே ஆண்டு உஷா என்ற கூட்டுறவுச் சங்கமும் வந்தது. சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது இல்லத்தரசிகள் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார்களாம், இவர்கள் மறுத்துப் பாலியல் தொழிலாளர் என்றே பதிவு வாங்கினார்கள். கந்துவட்டிக்காரனிடம் போகாமல் கடன் கிடைக்கும், சேமிக்கவும் இடம் உண்டு என்றானபோது காண்டம் பயன்பாடு மளமளவென்று ஏறியது. மறுக்கும் தைரியம் திடீரென்று வானத்திலிருந்து வந்துவிடவில்லை, எல்லோரும் சேர்ந்து மறுத்தார்கள், மறுத்த பிறகும் அன்றைய நாள் ஓடியது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான். அதற்காக சோனாகாச்சி சொர்க்கமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது போலீஸ். 1975 ஜூன் மாதம் பிரான்ஸின் லியோன் நகரில் நூறு பேர் அளவில் பாலியல் தொழிலாளிகள் செயிண்ட் நிசியே தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்து போராடினார்கள். அபராதத்துக்கு மேல் அபராதம் போடுகிறீர்கள், சிறையில் தள்ளுகிறீர்கள், எங்களைக் கொல்கிறவர்களைப் பிடிக்க மாட்டேன் என்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் குறை. ஐம்பது வருடம் ஆகிவிட்டது, பல நாடுகளில் இன்றைக்கும் இதே குறைதான். இந்தியச் சட்டத்தைப் பாருங்கள். 1956ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டப்படி வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தில் பாலுறவுக்குக் காசு வாங்குவது தன்னளவில் குற்றமில்லை. ஆனால் விடுதி நடத்துவது குற்றம், பொது இடத்தில் ஆள் அழைப்பது குற்றம், அந்த வருமானத்தில் பிழைக்கும் வயது வந்தவர் யாராக இருந்தாலும் குற்றம், அது வயதான தாயாக இருந்தாலும், பதினெட்டு தாண்டிய மகனாக இருந்தாலும். இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காக ஒரே இடத்தில் சேர்ந்து தொழில் செய்தால் அந்த இடமே விடுதி என்ற வரையறைக்குள் வந்துவிடும். பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே கதைதான். தனியாக இரு, ஆபத்தில் இரு, அதுதான் சட்டப்படி சரி என்று சொல்வது போல. 2022 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், சுய விருப்பத்தில் தொழில் செய்யும் வயது வந்தவர்களை ரெய்டில் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்று உத்தரவிட்டது. உத்தரவு நல்ல உத்தரவுதான், ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

நியூசிலாந்து வேறு வழியில் போனது. 2003ல் வெறும் ஒரு வாக்கு வித்தியாசத்தில், 60க்கு 59 என்று, பாலியல் தொழிலைக் குற்றம் என்ற பட்டியலிலிருந்து எடுக்கும் குற்றநீக்கச் சட்டம் நிறைவேறியது. நான்கு பேர் வரை சேர்ந்து, யாரும் யாருக்கும் முதலாளி இல்லாமல், தனி உரிமம் வாங்காமல் தொழில் செய்யலாம். எந்த நேரத்திலும் மறுக்கலாம் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து நடந்த ஆய்வில், வாடிக்கையாளரை மறுப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். 2014ல் ஒரு பாலியல் தொழிலாளி தன் விடுதி நடத்துநர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்து, மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு வாங்கினார். இதை நான் அடிக்கடி எடுத்துக் காட்டுவேன், ஏனென்றால் 'பாலியல் தொழிலாளிக்குப் பாலியல் துன்புறுத்தலா' என்று சிரிக்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. அவர் வாடிக்கையாளரோடு ஒத்துக்கொண்டது ஒன்று, முதலாளி வாய்க்கு வந்ததைப் பேசுவது வேறொன்று. ஆனால் அந்தச் சட்டத்திலும் பெரிய ஓட்டை இருக்கிறது, தற்காலிக விசாவில் வந்தவர்கள் இந்தத் தொழில் செய்யக் கூடாது. செய்தால் நாடு கடத்தலாம். ஆகவே அதே நாட்டில் புலம்பெயர்ந்த ஒரு பெண்ணிடம் கேட்டால் அவர் சொல்லும் அனுபவம் முற்றிலும் வேறாக இருக்கும், அவரை மிரட்ட வாடிக்கையாளருக்கு ஒரு போன் போதும்.

இதை வன்முறை என்கிற எதிர்த்தரப்புக்கு வருவோம். ஸ்வீடன் 1999ல் பாலுறவைக் காசு கொடுத்து வாங்குகிறவனைக் குற்றவாளியாக்கியது, விற்பவரை விட்டுவிட்டது. நார்வே, ஐஸ்லாந்து, பிரான்ஸ், அயர்லாந்து என்று பின்னால் பலரும் வந்தார்கள். தொழிலிலிருந்து வெளியேறிய பெண்களின் அமைப்புகள் பல இதைத்தான் வேண்டும் என்கின்றன. அவர்கள் வாதம் எளிமையானது: வறுமையும் கடனும் துரத்தாமல் இருந்தால் இதற்கு வருகிறவர் எத்தனை பேர், அந்த இயலாமையைக் காசு கொடுத்து வாங்குகிறவனை ஏன் விட வேண்டும்? இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ள எனக்கு மனது வரவில்லை. ஆனால் அந்த நாடுகளில் இன்னும் தொழிலில் இருப்பவர்கள் சொல்வதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பிடிபடுவோம் என்று பயப்படுகிற ஆள் பெயர் சொல்ல மாட்டான், எண் தர மாட்டான், இருட்டான இடத்துக்கு வா என்பான். நார்வேயின் ஆஸ்லோவில் போலீஸ் வீட்டு உரிமையாளர்களை மிரட்டிப் பெண்களை வீட்டைவிட்டு வெளியேற்ற வைத்ததை அம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. பிரெஞ்சுச் சட்டத்தை எதிர்த்து 261 பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2024 ஜூலையில் உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பு வந்தது.

பெரிய அமைப்புகளாவது ஒத்துப்போகின்றனவா என்றால் அதுவும் இல்லை. ஐ.நா.வுக்குள்ளேயே பெண்களுக்கு எதிரான பாகுபாடு பற்றிய பணிக்குழு 2023ல் குற்றநீக்கம் வேண்டும் என்றது, பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் 2024ல் இது முழுக்கவே ஒரு வன்முறை அமைப்பு என்றார். அப்புறம் உங்களுக்கும் எனக்கும் குழப்பம் வராமல் என்ன செய்யும்.

ஆய்வுகளைக் காட்டிச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க உளவியலாளர் மெலிசா ஃபார்லியும் சக ஆய்வாளர்களும் 2003ல் வெளியிட்ட ஒன்பது நாட்டு ஆய்வு அடிக்கடி மேற்கோளாக வரும். 854 பேரிடம் கேட்டதில் 89 சதவீதம் பேர் வெளியேற விரும்புகிறார்கள், 68 சதவீதம் பேருக்கு பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருக்கிறது. எண்களைப் பார்த்தால் தலை சுற்றும். அந்த மாதிரியில் கணிசமானவர்கள் தெருவில் நிற்பவர்கள், உதவி மையங்களுக்கு வந்தவர்கள். அவர்கள் துன்பம் உண்மைதான், ஆனால் அறை எடுத்துச் சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கும் அந்தச் சதவீதத்தை ஒட்ட முடியாது. மறுபக்கமும் இதே தவறைச் செய்கிறது. மாநாட்டு மேடையில் ஏறித் தெளிவாகப் பேசக்கூடியவர், படித்தவர், கடனில்லாதவர், தன் முகத்தைக் காட்ட முடிகிறவர் சொல்வதை எல்லோருடைய குரலாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். பூட்டிய அறையில் இருப்பவர் எந்த மேடைக்கும் வரப் போவதில்லை.

காலமும் ஒரு விஷயம். தொழிலில் இருக்கும்போது 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் பலருக்கு உண்டு. பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ரெய்டு வரும், வீடு போய்விடும் என்ற பயத்தில் குறைகளை வெளியே சொல்ல மாட்டார்கள். வெளியே வந்து பல வருடம் கழித்து, பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து யோசிக்கும்போது வேறு மாதிரி தெரியும். அதேபோல வெளியேறியவர்களுக்கு ஆதரவு தரும் இடங்கள் சில, மனம் வருந்திப் பேசுகிறவரையே அதிகம் வரவேற்கின்றன. இரண்டு பக்கமும் ஒரு அழுத்தம் இருக்கிறது. அதற்காக எதையும் பொய் என்று தள்ள வேண்டியதில்லை, எங்கிருந்து யார் முன்னால் பேசினார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதிவிலக்குகள் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நல்ல வருமானம், நல்ல இடம், மறுக்கும் உரிமை எல்லாம் இருந்தும் அது தன்னை உள்ளுக்குள் அழித்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விருப்பமில்லாத தொடுகையைச் சகித்துக்கொள்ள உடம்பிலிருந்து மனதைப் பிரித்து வைத்துக்கொள்ளப் பழகினேன், பிறகு பிடித்தவரோடு இருக்கும்போதும் அது திரும்ப ஒட்டவில்லை என்பார்கள். எந்தத் தொழிலாளர் சட்டமும் இதைச் சரி செய்யாது. இங்கே என் 'மறுக்க முடிந்ததா' அளவுகோல் உதவாது, ஒத்துக்கொள்கிறேன். மோசமான சூழலில் இருந்தும், வீட்டு வேலையில் பட்ட அவமானத்தையும் முதலாளி கை வைத்ததையும்விட இது மேல், இங்கே குறைந்தது கூலி கிடைத்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'உங்களுக்குப் புரியவில்லை' என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இரண்டாவது வகைப் பேச்சு உண்மையில் மற்ற வேலைகளைப் பற்றிய குற்றச்சாட்டு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இணையவழி வேலை பற்றியும் கேட்பீர்கள். கேமரா முன்னால் செய்வதில் அடி விழாது, நோய் வராது, ஆனால் படம் பரவிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, கணக்கை முடக்கினால் ஒரே நாளில் வருமானம் நின்றுவிடும். 2021 ஆகஸ்டில், சந்தா கட்டிப் படங்களும் வீடியோக்களும் பார்க்கும் தளமான ஒன்லிஃபேன்ஸ் வெளிப்படையான பாலியல் உள்ளடக்கத்துக்குத் தடை என்று அறிவித்து, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. அந்தச் சில நாட்களில் அவர்களுக்கு முதலாளி யார் என்று தெரிந்துபோயிற்று.

இப்போதைக்கு நான் உற்றுக் கவனித்துக்கொண்டிருப்பது பெல்ஜியத்தை. 2022ல் குற்றநீக்கம், 2024 டிசம்பர் 1 முதல் வேலை ஒப்பந்தச் சட்டம். மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம், அறையில் அவசர பட்டன், ஆளையோ செயலையோ மறுத்தால் வேலையைவிட்டு எடுக்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்தில் பத்து முறைக்கு மேல் மறுத்தால் அரசு மத்தியஸ்தரை அழைக்கலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா மறுப்பதற்கும் கணக்கு வைக்கிறார்கள், இதைத்தான் சொன்னோம் என்கிறது ஒரு தரப்பு. மத்தியஸ்தரை அந்தப் பெண்ணும் அழைக்கலாம், அடிக்கடி மறுக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த விடுதியில் ஏதோ கோளாறு என்று அரசு வந்து பார்க்கட்டும் என்கிறது இன்னொரு தரப்பு. எனக்கு முதல் தரப்பின் சந்தேகம் நியாயமாகப் படுகிறது. மேலும் இந்தச் சட்டம் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குத்தான், சுயமாகத் தொழில் செய்பவர்களுக்கு இது கிடையாது, ஜெர்மனியில் நடந்த அறை வாடகைக் கதை அங்கேயும் வராமல் இருக்க வேண்டும்.

வெளியேறுவது பற்றி யாரும் சரியாகப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். பிரான்ஸ் 2016 சட்டத்தில் வெளியேற விரும்புகிறவர்களுக்கு உதவித்தொகை வைத்தார்கள், தொடக்கத்தில் மாதம் 330 யூரோ அளவில். அதில் எந்த நகரத்தில் வீடு கிடைக்கும்? அதைப் பெறவும் தொழிலை முழுக்க விட்டிருக்க வேண்டும், விண்ணப்பத்தை ஒரு குழு பரிசீலிக்க வேண்டும். நியூசிலாந்துச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது, 18ஆவது. பாலியல் தொழிலை ஒருவர் செய்ய மறுத்தாலோ விட்டுவிட்டாலோ அதைக் காரணம் காட்டி அரசு உதவித்தொகையைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. மற்ற வேலைகளைத் தானாக விட்டால் உதவி கிடைக்கச் சில வாரம் காத்திருக்க வேண்டி வரலாம், இதற்கு மட்டும் அந்தக் காத்திருப்பு கிடையாது. இதை எதிர்க்கிற ஒருவரை இரண்டு தரப்பிலும் நான் இன்னும் பார்க்கவில்லை, ஆனாலும் மற்ற நாடுகளின் விவாதங்களில் இந்தப் பிரிவின் பெயரே அடிபடுவதில்லை.